மாரடைப்பு

மாரடைப்பு என்பது இதயத் தசைக்குக் குருதியைக் கொண்டு செல்லும் தமனிகளில் ஒன்றோ அதன் கிளையோ திடீரென அடைபடுவதால், ஆக்சிசன் கிடைக்காத தசைப்பகுதி இறக்கத் தொடங்கும் நிலை ஆகும். இதன் முதன்மையான அறிகுறி நெஞ்சுவலி. உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் இதய, குருதிக்குழாய் நோய்களால் ஏறத்தாழ 1.79 கோடிப் பேர் இறந்தனர். இது அவ்வாண்டு உலகில் நிகழ்ந்த இறப்புகளில் 32 விழுக்காடு. இவ்விறப்புகளில் 85 விழுக்காட்டிற்கு மாரடைப்பும் பக்கவாதமுமே காரணம்.

மாரடைப்புக்கான மருத்துவம் கடந்த அறுபது ஆண்டுகளில் பெரிதும் முன்னேறியுள்ளது. எனினும் அதன் பயன் பெரும்பாலும் நேரத்தையே சார்ந்துள்ளது. வலி தொடங்கியதற்கும் நோயாளி மருத்துவமனையை அடைவதற்கும் இடையே இழந்த நேரத்தை எந்த மருந்தாலும் மீட்க இயலாது. ஆகவே நெஞ்சுவலியை அறிந்துகொள்வதும் அவ்வேளையில் செய்ய வேண்டியவையும் இக்கட்டுரையில் சற்று விரிவாகவே தரப்பட்டுள்ளன.

பெயர்

மார், அடைப்பு என்னும் இரு சொற்களின் சேர்க்கையே மாரடைப்பு. மார்பில் உணரப்படும் அடைப்பு என்று கொண்டால் இது நோயின் அறிகுறியைக் குறிக்கும். குழாயில் உண்டான அடைப்பு என்று கொண்டால் நோயின் காரணத்தைக் குறிக்கும். இரண்டும் பொருந்துவது இச்சொல்லின் சிறப்பு. பேச்சு வழக்கில் ஹார்ட் அட்டாக் என்பர். மருத்துவ நூல்களில் இதயத்தசை இறப்பு என்ற பெயரும் காணப்படுகிறது.

நாளிதழ்களில் திடீர் இறப்பு அனைத்தையும் "மாரடைப்பால் காலமானார்" என்று எழுதும் வழக்கம் உண்டு. இது எப்போதும் சரியன்று. இதயம் துடிப்பதை நிறுத்திவிடுவது இதய நிறுத்தம் எனப்படும். மாரடைப்பு அதற்கு ஒரு முக்கிய காரணம் மட்டுமே. மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், பேசுவார், சில வேளைகளில் நடந்தே மருத்துவமனைக்கு வருவார். நடந்து பேசுகிறார் என்பதாலேயே அவருக்கு மாரடைப்பு இல்லை என்று முடிவுகட்டுவது இடர் மிக்கது.

இதயத்திற்கான குருதி வழங்கல்

வளர்ந்தவர் ஒருவரின் இதயம் கைமுட்டி அளவினது. எடை ஏறத்தாழ 300 கிராம். நாளொன்றுக்குச் சுமார் ஒரு இலட்சம் முறை துடிக்கிறது. ஓய்வு நிலையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. அறைகள் முழுக்கக் குருதி நிரம்பியிருந்தும், உட்புறத்தின் மெல்லிய படலம் நீங்கலாக, இதயத் தசை அதிலிருந்து நேரடியாக ஆக்சிசனைப் பெற இயலாது. பெருந்தமனியின் அடிப்பகுதியில் தோன்றி இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்து செல்லும் கரோனரித் தமனிகளே அதற்கு உணவூட்டுகின்றன. இலங்கைப் பாடநூல்களில் இவை முடியுரு நாடிகள் எனப்படுகின்றன. இடத் தமனி இரு பெருங்கிளைகளாகப் பிரிந்து இதயத்தின் முன்புறத்திற்கும் இடப்பக்கத்திற்கும் செல்கிறது. வலத் தமனி பொதுவாக வலப்பக்கத்திற்கும் அடிப்பகுதிக்கும் செல்கிறது. இவற்றின் உள்விட்டம் சில மில்லிமீட்டர் மட்டுமே.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உடலின் மற்ற தசைகள் ஓய்வில் இருக்கும்போது தமக்கு வரும் ஆக்சிசனில் சிறு பகுதியையே எடுத்துக்கொள்கின்றன. தேவை கூடும்போது அதே குருதியிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ள முடியும். இதயத் தசையோ ஓய்விலேயே தனக்கு வரும் ஆக்சிசனில் ஏறத்தாழ முக்கால் பங்கை எடுத்துவிடுகிறது. சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. கூடுதல் ஆக்சிசன் வேண்டுமெனில் கூடுதல் குருதி பாய்ந்தாக வேண்டும். குழாய் சுருங்கியிருப்பவருக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகுவதும், நின்றால் தணிவதும் இதனாலேயே.

அடைப்பு உண்டாகும் விதம்

தமனியின் உட்சுவரில் கொலஸ்டிரால், அழற்சிச் செல்கள், நார்ப்பொருள் ஆகியவை சேர்ந்து படிவு உண்டாகிறது. இது முதுமையில் தொடங்குவதன்று. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை ஆய்ந்து 1953இல் வெளியிடப்பட்ட அறிக்கை, சராசரி வயது 22 மட்டுமே ஆன அவர்களில் நான்கில் மூவருக்கு இத்தகைய மாற்றங்கள் இருந்ததைக் காட்டியது.

படிவு சிறிதுசிறிதாக வளர்ந்து குழாயை முழுதும் மூடிவிடுவதால்தான் மாரடைப்பு வருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். வீட்டுக் குடிநீர்க் குழாயில் உப்புப் படிவதை இதற்கு உவமையாகச் சொல்வதும் உண்டு. அவ்வுவமை பொருத்தமற்றது. பெரும்பாலான மாரடைப்புகளில் நிகழ்வது வேறு: படிவை மூடியிருக்கும் மெல்லிய உறை கிழிகிறது, உள்ளிருக்கும் கொழுப்புப் பொருள் குருதியைத் தொடுகிறது, காயத்தை அடைக்க வரும் குருதித் தட்டுகள் அங்கே குவிந்து சில நிமிடங்களில் உறைகட்டி உருவாகிறது. கிழியும் படிவு அதுவரை குழாயின் பாதியைக்கூட அடைத்திராமல் இருக்கலாம். அத்தகையவருக்கு அதற்கு முன் எந்த வலியும் இருந்திருக்காது. ஓடுபொறிச் சோதனையிலும் எதுவும் தெரிந்திருக்காது. "போன மாதம்தான் முழு உடல் பரிசோதனை செய்தேன், எல்லாம் சரியாக இருந்தது" என்பது இன்று வந்த நெஞ்சுவலியைப் புறக்கணிக்கக் காரணம் ஆகாது.

குருதி நின்றவுடன் அப்பகுதித் தசை ஒரு நிமிடத்திற்குள்ளாகவே சரிவரச் சுருங்குவதை நிறுத்துகிறது. ஆயினும் உடனே இறப்பதில்லை. சுமார் 20 நிமிடங்களுக்குப் பின் மீளா இறப்பு தொடங்கி, தசையின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி ஓர் அலைபோல் அடுத்த சில மணி நேரத்தில் பரவுகிறது. 1970களில் ரெய்மர், ஜென்னிங்சு ஆகியோர் நாய்களில் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. இறந்த தசை மீண்டும் வளர்வதில்லை. அவ்விடத்தில் சுருங்க இயலாத தழும்பே உண்டாகிறது. முதல் மணி நேரத்தில் அடைப்பு நீக்கப்பட்டால் பெரும்பகுதித் தசையைக் காக்க முடியும். அரை நாள் கழித்து நீக்கினால் மிஞ்சுவது சிறிதே.

நெஞ்சுவலியின் இயல்பு

மாரடைப்பு வந்தவர்களில் பலர் அதை "வலி" என்றே சொல்வதில்லை. அழுத்தம், இறுக்கம், பாரம், எரிச்சல், கல்லைத் தூக்கி வைத்தாற்போல என்பனவே அவர்கள் சொல்லும் சொற்கள். "வலிக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுகூட விடை வரும். ஆகவே நெஞ்சில் என்ன செய்கிறது என்று கேட்பதே நல்லது. நோயாளி விரல் நுனியால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுவதைவிட, கையை மடக்கி நெஞ்சின் நடுவே வைத்துக் காட்டுவது இதயவலிக்குரிய சைகை. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் லெவின் இதைக் கவனித்துக் கூறியமையால் இது லெவின் குறி எனப்படுகிறது.

வலி பொதுவாக மார்பின் நடுவில் தோன்றும். இதயம் இடப்பக்கம் இருப்பதாகக் கருதி, நடுவில் வரும் வலியை வேறென்று எண்ணுவது தவறு. இடது கை, இரு கைகள், தோள், கழுத்து, கீழ்த்தாடை, முதுகு, மேல் வயிறு ஆகிய இடங்களுக்கும் பரவலாம். நெஞ்சில் ஒன்றுமின்றி அவ்விடங்களில் மட்டும் தோன்றவும் கூடும். இதயத்திலிருந்து வரும் உணர்வு நரம்புகளும் கை, மார்பு ஆகியவற்றிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தின் ஒரே பகுதிகளில் சேர்வதால், வலி எங்கிருந்து வருகிறது என்பதை மூளையால் பிரித்தறிய இயலுவதில்லை. குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், காரணம் தெரியாத அச்சம் ஆகியவையும் சேர்ந்து வரலாம். மின்விசிறியின் கீழே அமர்ந்திருப்பவரின் சட்டை வியர்வையில் நனைவது மிக முக்கியமான அறிகுறி.

உழைக்கும்போது வந்து சில நிமிட ஓய்வில் தணியும் வலி இதயவலி எனப்படும். இலத்தீனில் இதன் பெயர் அஞ்சைனா. இதுவும் மருத்துவரிடம் காட்ட வேண்டியதே. ஓய்விலும் தணியாதது, ஓய்விலேயே வருவது, முன்பைவிட அடிக்கடி வருவது ஆகியவற்றை மாரடைப்பாகவே கருதி நடந்துகொள்ள வேண்டும். மாரடைப்பு நாளின் எந்நேரத்திலும் வரக்கூடும். எனினும் காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையே கூடுதலாக வருவதை 1985இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

சில விநாடிகள் மட்டும் குத்தி மறையும் வலி, விரலால் அழுத்தினால் கூடும் வலி, மூச்சை இழுத்தால் மட்டும் குத்தும் வலி ஆகியவை இதயத்தைச் சார்ந்தனவாக இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. ஆனால் வாய்ப்புக் குறைவு என்பதும் வாய்ப்பில்லை என்பதும் ஒன்றல்ல. மேலும் நுரையீரல் தமனி அடைப்பு, பெருந்தமனிச் சுவர் கிழிதல் போன்ற உயிருக்கு இடர் தரும் வேறு சில நோய்களும் நெஞ்சுவலியாகவே வெளிப்படுகின்றன.

வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். அமெரிக்காவின் பிராமிங்காம் நகர ஆய்வில், கண்டறியப்பட்ட மாரடைப்புகளில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவை பின்னாளில் எடுத்த ஈ.சி.ஜி. மூலமே தெரியவந்தன. நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்கள், முதியோர், பெண்கள் ஆகியோரிடம் வலி மங்கலாகவோ இல்லாமலோ இருப்பது கூடுதல். அவர்களுக்குத் திடீரெனத் தோன்றும் மூச்சுத்திணறலும் கடுஞ்சோர்வும் வியர்வையுமே எச்சரிக்கையாக இருக்கலாம்.

"வாயு" என்னும் விளக்கம்

நெஞ்சில் ஏதேனும் செய்தால் நம்மவர் முதலில் சொல்வது "வாயுப் பிடிப்பு" அல்லது "கேஸ்" என்பதே. பெட்டிக்கடைச் சோடா, ஓமத்திரவம், இஞ்சிச் சாறு, பூண்டு என்று கைமருந்துகள் தொடரும். இவ்விளக்கம் முற்றிலும் அறியாமையால் வருவதென்று தள்ளிவிட முடியாது. இதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேல் அமர்ந்துள்ளது; அதற்குக் கீழே இருப்பது இரைப்பை. அப்பகுதித் தசை பாதிக்கப்படும்போது மேல்வயிற்று உளைச்சலும் குமட்டலும் ஏப்பமும் உண்மையிலேயே வருகின்றன. உணவுக்குழாய் எரிச்சலும் நெஞ்சின் நடுவிலேயே தோன்றுகிறது. சோடா குடித்து ஏப்பம் விட்டபின் சற்றுத் தணிந்தாற்போல் தோன்றுவதும் உண்டு. அதை வைத்து இதயம் நலமாக உள்ளது என்று கூற இயலாது. அமிலநீக்கி மருந்து கொடுத்து வலி தணிவதை வைத்து நோயை முடிவு செய்யும் முறை நம்பத்தக்கதன்று.

இவ்வாறு நேர்ந்தவர்களுள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவரும் ஒருவர். 1955 செப்டம்பர் 23 அன்று டென்வர் நகரில் கோல்ப் ஆடிக்கொண்டிருந்தபோது வயிற்றில் உண்டான சங்கடத்தை, மதியம் உண்ட வெங்காயம் வைத்த ஆம்பர்கரால் வந்தது என்று எண்ணினார். நள்ளிரவுக்குப் பின் கடுமையான நெஞ்சுவலியுடன் விழித்தார். மறுநாள் காலை செய்தியாளர்களுக்கு முதலில் சொல்லப்பட்டது செரிமானக் கோளாறு என்பதே. பகலில் ஈ.சி.ஜி. எடுத்த பின்னரே மாரடைப்பு என்ற செய்தி வெளியாயிற்று. எப்போதும் மருத்துவர் உடனிருந்த ஒருவருக்கே இது நேர்ந்தது. அவர் பிழைத்து 1956 தேர்தலில் மீண்டும் வென்றார்.

வீடுகளில் நேரம் வீணாவதற்கு வாயு மட்டும் காரணமன்று. இரவில் பிள்ளைகளை எழுப்ப வேண்டாம் என்னும் தயக்கம், மாலையில் மருத்துவர் வந்தபின் காட்டலாம் என்னும் எண்ணம், மருத்துவமனைச் செலவு பற்றிய அச்சம், "எனக்கு எதுவும் வராது" என்னும் துணிவு ஆகியவையும் உண்டு. பெண்கள் தம் வலியைச் சொல்லாமலே வேலைகளை முடிப்பதும், சொன்னாலும் அது பதற்றம் என்று ஒதுக்கப்படுவதும் மிகுதி. இந்தியாவின் 50 நகரங்களில் 20,468 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2008இல் லான்செட் இதழில் வெளியான கிரியேட் ஆய்வில், அறிகுறி தொடங்கியதிலிருந்து மருத்துவமனையை அடைய ஆன இடைநிலை நேரம் 360 நிமிடங்கள். மருத்துவமனையை அடைந்தபின் உறைகட்டியைக் கரைக்கும் மருந்து தொடங்க ஆன இடைநிலை நேரமோ 50 நிமிடங்கள் மட்டுமே. காலத்தாழ்வின் பெரும்பகுதி மருத்துவமனை வாயிலுக்கு வெளியே நிகழ்கிறது என்பதை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

உடனே செய்ய வேண்டியவை

செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி உட்கார வேண்டும். அல்லது சாய்ந்து படுக்கலாம். உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பல மாநிலங்களிலும் 108, இலங்கையில் 1990, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 ஆகிய எண்கள் உள்ளன. நோயாளி தானே வண்டி ஓட்டிச் செல்வது கூடாது; இருசக்கர வண்டியின் பின்னால் அமர்த்திச் செல்வதும் நல்லதன்று. அவசர ஊர்தி வர இயலாத இடங்களில் கிடைக்கும் காரிலோ ஆட்டோவிலோ செல்வது, காத்திருப்பதைவிட மேல்.

ஆஸ்பிரின் ஒவ்வாமையோ குருதிக் கசிவு நோயோ இல்லாதவர் ஏறத்தாழ 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். மெல்வதால் மருந்து விரைவில் குருதியில் சேரும். அழைப்பு விடுத்த பின்னரே இதைச் செய்ய வேண்டும். மாத்திரை தேடிக் கடைக்கு ஓடி நேரத்தை இழக்கக் கூடாது. நாவின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை, அது ஏற்கெனவே தமக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். குருதியழுத்தம் தாழ்ந்திருப்பவருக்கும், சில்டெனாபில் வகை மருந்தை அண்மையில் உட்கொண்டவருக்கும் இது ஆபத்தானது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிக் கொடுப்பது உதவியாகாது.

எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதிலும் கவனம் வேண்டும். உடனே ஈ.சி.ஜி. எடுத்து மருந்து தொடங்கக்கூடிய இடமாக அது இருத்தல் வேண்டும். தெருமுனை மருத்துவகம், பின் ஆய்வகம், பின் மருத்துவமனை என்று படிப்படியாகச் செல்வதில் பல மணி நேரம் கழிந்துவிடும்.

தனியே இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் உயிர் பிழைக்கலாம் என்னும் செய்தி 1999 முதல் மின்னஞ்சல்களிலும் பின்னர் கைபேசிகளிலும் சுற்றி வருகிறது. இதற்கு மருத்துவ அடிப்படை இல்லை. மருத்துவமனையில், கருவிகளின் கண்காணிப்பில், சில துடிப்புக் கோளாறுகளின்போது மருத்துவர் இருமச் சொல்வது வேறு. வீட்டில் இருமிக்கொண்டிருப்பவர் தொலைபேசியில் உதவி கேட்கும் நேரத்தை இழக்கிறார்.

இதய நிறுத்தம் நேர்ந்தால்

மாரடைப்பின் முதல் மணி நேரங்களில் இதயத்தின் மின்னோட்டம் சீர்குலைந்து, கீழறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை ஏற்படலாம். நோயாளி திடீரெனச் சாய்வார், அழைத்தால் அசைவிராது, மூச்சு நின்றிருக்கும் அல்லது விட்டுவிட்டு வாயால் இழுப்பது போலிருக்கும். இதை உறக்கமென்றோ வலிப்பென்றோ எண்ணலாகாது. உதவிக்கு அழைத்துவிட்டு, அவரைக் கெட்டியான தரையில் கிடத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் மேல் மறு கையை வைத்து, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது. வாயோடு வாய் வைத்து ஊதப் பயிற்சி இல்லாதவர் அழுத்துவதை மட்டும் செய்தாலே போதும். தானியங்கி மின்னதிர்ச்சிக் கருவி அருகில் இருந்தால் அதைக் கொணர்ந்து அது சொல்லும்படி செய்யலாம்.

மார்பைத் திறக்காமல் அழுத்தும் இம்முறையை 1960இல் வெளியிட்ட மூவருள் முதல்வரான வில்லியம் கூவன்ஓவன் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர்.

மருத்துவமனையில்

வந்த 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுக்கப்பட வேண்டும் என்பது இன்றைய நெறிமுறை. அதன் தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதால், ஒரு சிறு கட்டம் 0.04 விநாடியைக் குறிக்கும். குழாய் முழுதும் அடைபட்டிருந்தால் வரைகோட்டின் எஸ்.டி. எனப்படும் பகுதி பெரும்பாலும் மேலெழுந்து காணப்படும். முதல் ஈ.சி.ஜி. இயல்பாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று உறுதியாகாது. வலி தொடர்ந்தால் மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டும். இறக்கும் தசையிலிருந்து குருதியில் கசியும் டிரோபோனின் என்னும் புரதத்தின் அளவும் சில மணி நேர இடைவெளியில் இருமுறை பார்க்கப்படுகிறது. ஒரே ஈ.சி.ஜி.யைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று வீட்டிற்கு அனுப்பப்பட்டவர், வலி திரும்பினால் தயங்காமல் மீண்டும் செல்ல வேண்டும்.

முழு அடைப்பை நீக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியே நுண்குழாயைச் செலுத்தி, பலூனால் அடைப்பை விரித்து வலைக்குழாயான ஸ்டென்டைப் பொருத்துவது. 120 நிமிடங்களுக்குள் செய்ய இயலுமானால் இதுவே சிறந்தது. இயலாதெனில் உறைகட்டியைக் கரைக்கும் மருந்தை உடனே செலுத்திவிட்டு, பின்னர் வசதியுள்ள மருத்துவமனைக்கு மாற்றுவர். ஸ்டிரெப்டோகைனேசு இவ்வகையில் விலை குறைந்தது. டெனெக்டிபிளேசு ஒரே ஊசியாகச் செலுத்தத்தக்கது. மூளையில் குருதிக் கசிவு ஏற்பட்டவர்கள் முதலியோருக்கு இவற்றைக் கொடுக்க இயலாது. பெரிய நகரத்தில் இல்லாதவருக்கு இரண்டாம் வழியே உயிர் காப்பது. "ஆஞ்சியோ வசதி இல்லை" என்பதற்காக அருகிலுள்ள அரசு மருத்துவமனையைக் கடந்து பல மணி நேரம் பயணம் செய்வது சரியன்று.

வரலாறு

1768இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் எபர்டன், நடக்கும்போது வந்து நின்றால் நீங்கும் நெஞ்சிறுக்கத்தைப் பற்றி உரையாற்றினார். 1772இல் அச்சான அவ்வுரையில்தான் நெரித்தல் என்னும் பொருள்படும் அஞ்சைனா என்ற பெயர் இடம்பெற்றது. தமனியில் உறைகட்டி உண்டாகியும் நோயாளி உயிரோடிருக்க முடியும், அதை அறிகுறிகளால் கண்டறியவும் முடியும் என்று அமெரிக்காவின் சேம்சு எரிக் 1912இல் எழுதினார்.

நெதர்லாந்தின் வில்லம் ஐன்தோவன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய ஈ.சி.ஜி. கருவி ஏறத்தாழ 270 கிலோகிராம் எடையுடையது. அதை இயக்க ஐவர் வேண்டும். நோயாளி கைகளையும் ஒரு காலையும் உப்புநீரில் வைத்திருக்க வேண்டும். கருவியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல இயலாமையால், 1905இல் அங்கிருந்து சுமார் 1.5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த தம் ஆய்வகத்திற்குத் தொலைபேசிக் கம்பி வழியே குறிகைகளைப் பெற்றார். இன்று சிற்றூர் மருத்துவமனையிலிருந்து நகர வல்லுநருக்குக் கைபேசியில் ஈ.சி.ஜி. அனுப்பப்படுவதற்கு இதுவே முன்னோடி. 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாரடைப்புக்கு மருத்துவம் என்பது பல வாரப் படுக்கையோய்வே. 1961இல் எடின்பரோவின் டெசுமண்ட் சூலியன் இதய நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் தனிப்பிரிவை முன்மொழிந்தார். 1967இல் ரெனே பவலோரோ கிளீவ்லாந்தில் மாற்றுவழி அறுவையைச் செய்தார். 1977 செப்டம்பரில் சூரிக்கு நகரில் ஆண்ட்ரியாசு குருன்ட்சிக் முதன்முதலாக விழிப்பிலிருந்த நோயாளியின் கரோனரித் தமனியைப் பலூனால் விரித்தார். 17,187 நோயாளிகளைக் கொண்ட ஐசிசு-2 ஆய்வு 1988இல் வெளியானது. ஆஸ்பிரின், ஸ்டிரெப்டோகைனேசு ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் முதல் ஐந்து வாரங்களில் இதய, குருதிக்குழாய் இறப்பு 42 விழுக்காடு குறைவதை அது காட்டியது. இவற்றுள் ஒன்று சில காசு விலையுள்ள மாத்திரை என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில்

1975இல் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் மாற்றுவழி அறுவையைச் செய்தார். இந்தியாவில் பலூன் சிகிச்சையைத் தொடங்கிவைத்தவராக அறியப்படும் மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1980களில் சென்னையில் அதைச் செய்யத் தொடங்கினார். 108 அவசர ஊர்திச் சேவை 2008இல் தொடங்கியது.

சிற்றூர் மருத்துவமனைகளைப் பெரிய மையங்களுடன் இணைத்து, ஈ.சி.ஜி.யை மின்வழி அனுப்பி, அங்கேயே மருந்து தொடங்கிப் பின் மாற்றும் முறை தமிழ்நாட்டில் ஆராயப்பட்டு 2017இல் முடிவுகள் வெளியாயின. 2,420 நோயாளிகள் கொண்ட அவ்வாய்வில் ஓராண்டுக்குள் நிகழ்ந்த இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்தது. புதிய மருந்து எதுவும் இதில் இல்லை. இருப்பவற்றை ஒழுங்குபடுத்தியதே வேறுபாடு. 2023இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியுடன் வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடோர்வாசுடாடின் ஆகியவற்றின் முதல் வேளை அளவைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகின்றனர்.

தடுப்பு

52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஆர்ட் ஆய்வு, மாரடைப்புக்கான இடரில் 90 விழுக்காட்டுக்கு ஒன்பது காரணிகள் போதும் என்று கண்டது: புகைபிடித்தல், குருதிக் கொழுப்பு மாறுபாடு, உயர் குருதியழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மனவழுத்தம், காய்கனி குறைவாக உண்ணுதல், உடலுழைப்பின்மை, மதுப்பழக்கம். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டவரைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே, 53 வயதளவில், வருவதையும் அதன் தரவுகள் காட்டின. "இந்த வயதில் வராது" என்னும் வாதம் நம்மிடையே மிக வலுவற்றது.

இவற்றுள் புகையை விடுவதற்கு ஈடானது வேறில்லை. பீடியும் இதில் அடங்கும். விட்ட ஓராண்டிற்குள் கூடுதல் இடர் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. உயர் குருதியழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தராது. அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. இது ஒரு தேக்கரண்டி அளவே. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வாரத்திற்கு 150 நிமிட விரைநடை பரிந்துரைக்கப்படுகிறது. இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் மிகாமல் இருப்பது நன்று. கொழுப்பைக் கரைக்கும் மூலிகைச் சாறு, குழாய் அடைப்பை நீக்கும் பூண்டுக் கலவை என்று பரவும் குறிப்புகளை நம்பி மாத்திரைகளை நிறுத்துவது தீங்கானது.

மாரடைப்புக்குப் பின்

பெரும்பாலோர் சில வாரங்களில் வழக்கமான வேலைக்குத் திரும்புகின்றனர். நடைப்பயிற்சி மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் கூட்டப்படுகிறது. ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் ஆஸ்பிரினுடன் மற்றொரு குருதித்தட்டு எதிர்மருந்தையும் பொதுவாக ஓராண்டு உட்கொள்ள வேண்டும். பல் பிடுங்குவதற்காகவோ செலவைக் குறைக்கவோ தாமாக நிறுத்தினால் ஸ்டென்டிலேயே உறைகட்டி உண்டாகலாம். அடுத்த சில மாதங்களில் மனச்சோர்வு வருவது இயல்பு. அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் ஓரிடத்தையே சரிசெய்கிறது. மற்ற இடங்களில் உள்ள படிவுகள் அப்படியே இருப்பதால், மீண்டும் நெஞ்சுவலி வந்தால் முதல்முறை போன்றே விரைய வேண்டும். கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி.யின் படியொன்றை வீட்டிலும் கைபேசியிலும் வைத்திருந்தால், புதிய மாற்றத்தைப் பழையதிலிருந்து பிரித்தறிய மருத்துவருக்கு உதவும்.

இவற்றையும் பார்க்க

இதயம், குருதிச் சுற்றோட்டம், உயர் குருதியழுத்தம், நீரிழிவு நோய், பக்கவாதம், முதலுதவி